புத்தளக் கரையோரத்து உதைபந்தாட்டம்: ஒரு பருவகாலமும் சில வரலாற்றுக் குறிப்புகளும்

வரலாற்றுச் சான்றுகள் எனும்போது கல்வெட்டுக்களையும் செப்பேடுகளையும் ஆட்சியாளரின் அறிக்கைகளையுமே நாம் முதலில் எண்ணுகின்றோம். விளையாட்டு மைதானத்தை எவரும் சான்றாகக் கொள்வதில்லை. மாலையிற் கூடிப் பொழுது சாய்ந்ததும் கலைந்துவிடும் ஒரு கூட்டத்திடமிருந்து வரலாற்று மாணவன் பெறத்தக்கது யாது என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயினும் ஒரு பிரதேசத்து மக்கள் யாரைத் தம்மவர் எனக் கொண்டனர், யாரை அயலவர் எனக் கருதினர், அயலவரை எப்போது, எவ்விதம் ஏற்றுக்கொண்டனர் என்பனவற்றை அறிவதற்கு, அப்பிரதேசத்துக் கழகங்களின் வீரர் பட்டியலைவிடத் தெளிவான ஆவணம் சில வேளைகளிற் கிடைப்பதில்லை. புத்தளம் மாவட்டத்தின் கரையோரப் பகுதியைப் பொறுத்தவரை இக்கூற்று பெரிதும் பொருந்தும்.

2014ஆம் ஆண்டின் உதைபந்தாட்டப் பருவத்தில் அக்கரையோரத்து நான்கு கழகங்களை நான் பின்தொடர்ந்தேன். ஒருவன் ஒரு கழகத்தை ஆதரிப்பதே மரபு. நான்கினை ஆதரிப்பவன் எதற்கும் உண்மையானவன் அல்லன் என்று மைதானத்தில் ஏளனம் செய்வர். அவ்வேளனத்துக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. அந்த விடையைப் பிரதேசத்தின் வரலாற்றில் வைத்துத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குறிப்பிடப்படும் வீரர்கள் இன்றும் நம்மிடையே வாழ்பவர் ஆதலின், அந்நான்கு கழகங்களின் பெயர்கள் ஈண்டுத் தவிர்க்கப்படுகின்றன.

பிரதேசத்தின் இயல்பு

வடக்கே கற்பிட்டித் தீபகற்பம் முதல் தெற்கே வென்னப்புவ வரை நீளும் இக்கரையோரம், இலங்கையின் வேறெப்பகுதியிலும் எளிதிற் காணமுடியாத ஒரு கலப்பினைக் கொண்டதாகும். புத்தளம் நகரும் கற்பிட்டியும் முஸ்லிம்கள் செறிந்து வாழும் இடங்கள். உடப்பு, திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீமிதிப்பினாற் புகழ்பெற்ற தமிழ் இந்துக்களின் கடற்றொழிற் கிராமம். தலவிலப் புனித அன்னம்மாள் ஆலயம் தொடக்கம் சிலாபம், மாரவில, வென்னப்புவ ஈறாகக் கத்தோலிக்கர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் மொத்தக் குடித்தொகை ஏழு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் அதிகமாகும்.

இக்கலப்பு நேற்று உண்டானதன்று. 1344ஆம் ஆண்டில் இபுன் பதூதா வந்திறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த ‘பத்தாலா’ புத்தளமே என ஆய்வாளர் கொள்வர். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை அமைத்தனர். களப்பினைத் தெற்கேயுள்ள நீர்நிலைகளோடு கால்வாயால் இணைத்தனர். 1926இற் புகையிரதப் பாதை புத்தளம் வரை நீண்டது. உப்பளம், முத்து, மீன், தென்னை எனப் பலவற்றை நாடி மக்கள் வந்தவண்ணம் இருந்தனர். வந்து சேர்ந்தவர் நாளடைவில் ஊரவராகி, அடுத்து வந்தவரை அயலவராக நோக்கினர். இப்பிரதேசத்தின் சமூக வரலாற்றைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம்.

ஆட்டத்தின் வருகை

1863இல் இலண்டனில் விதிகள் வகுக்கப்பெற்ற இவ்விளையாட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயப் படையினரோடு இலங்கைக்கு வந்தது. 1939இல் தேசியச் சங்கம் தோன்றிற்று. 1952இல் அது உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் உறுப்புரிமை பெற்றது. துடுப்பாட்டம் உயர்தரக் கல்லூரிகளின் விளையாட்டாக நிலைபெற்ற வேளையில், உதைபந்தாட்டம் தொழிலாளரின் குடியிருப்புகளிலும் துறைமுகத்தையண்டிய தெருக்களிலும் வேரூன்றியது. கொழும்புக் கொம்பனித் தெருவிலுள்ள ஜாவா ஒழுங்கையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஜாவா லேன் கழகம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அப்பெயரில் அங்கு வாழ்ந்த மலாய் மக்களின் வரலாறு பொதிந்துள்ளது.

புத்தளக் கரையில் இவ்வாட்டம் நிலைபெற்றமைக்குச் சிறப்பான காரணங்கள் உள. மட்டை, காப்புடை முதலிய செலவுகள் இதற்கு வேண்டியதில்லை. களப்போரத்துச் சமநிலமும் தென்னந்தோப்புகளின் இடைவெளிகளும் மைதானங்களாயின. இப்பகுதியில் வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகக் காற்று வலிதாக வீசும். அக்காலத்தில் மேலைக்கடல் கொந்தளிக்க, ஆழ்கடற் படகுகள் பல கரையேறிவிடும். தொழில் குறைந்த இளைஞருக்கு மாலைப்பொழுது மிகுதியாகும். காற்றின் பருவமும் ஆட்டத்தின் பருவமும் இவ்வாறு ஒன்றோடொன்று தொடர்புற்றன.

கழகங்களின் பெயர்களும் நோக்கத்தக்கவை. சில தெருவின் பெயரைத் தாங்குகின்றன. சில புனிதர்களின் பெயரைத் தாங்குகின்றன. இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தின் பெயரையே சூடிக்கொண்ட கழகமும் புத்தளத்தில் உண்டு. இவற்றோடு, இம்மாவட்டத்தில் இல்லாத ஓர் ஊரைத் தம் பெயரிற் கொண்டு விளையாடுவோரும் இங்கு உளர். அவ்வூர் எங்குள்ளது, அதன் பெயர் இங்கு எவ்வாறு வந்தது என வினவுவோர் 1990ஆம் ஆண்டை அடைதல் தவிர்க்கவியலாததாகும்.

1990உம் அதன் பின்னரும்

1990 ஒக்டோபர் மாத இறுதியில், வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு தமிழீழ விடுதலைப் புலிகள் பணித்தனர். யாழ்ப்பாண நகரத்தில் அதற்கென அளிக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. ஏறத்தாழ எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சில நாள்களுள் பிறந்த மண்ணை இழந்தனர். மன்னார்த் தீவைச் சேர்ந்தோர் கடற்கரையிற் காத்திருந்து, படகுகளில் ஏறிக் கற்பிட்டியில் வந்திறங்கினர். எடுத்துவர அனுமதிக்கப்பட்ட பொருள்கள் மிகச் சிலவே. இவ்வெளியேற்றம் தமிழ் பேசும் மக்களின் அண்மைக்கால வரலாற்றில் ஒரு பெரும் களங்கமாகும் என்பதை இச்சஞ்சிகையைப் படிப்போர் மறுக்கமாட்டார் என நம்புகின்றேன்.

வந்தவர்களுக்குப் புத்தளத்து மக்கள் முதலிற் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வீடுகளையும் திறந்துவிட்டனர். நாள்கள் மாதங்களாகி, மாதங்கள் ஆண்டுகளானபோது நிலைமை மாறியது. நிலம், கூலி வேலை, குடிநீர், பாடசாலை இடம், பல்கலைக்கழக அநுமதி ஆகியவற்றிற் போட்டி தோன்றியது. ‘அகதி’ என்ற சொல் இரங்கற்சொல்லாக இருந்து வசைச்சொல்லாகவும் மாறியது. வந்தவர்களிற் பலர் தொடர்ந்தும் மன்னார் வாக்காளர் பட்டியலிலேயே இடம்பெற்றனர். வாக்கு ஓரிடத்திலும் வாழ்க்கை ஓரிடத்திலுமாக ஒரு தலைமுறை வளர்ந்தது. மன்னார் எருக்கலம்பிட்டி மக்களிற் பலர் புத்தளத்தை அடுத்த நாகவில்லுவிற் குடியேறினர். தம் ஊர்ப்பெயரையும் உடன்கொண்டு வந்தனர். ஊர்ப்பெயரோடு வந்த மற்றொரு செல்வம் உதைபந்தாட்டமாகும். மன்னார்த் தீவு அவ்வாட்டத்தில் நெடுங்காலமாகப் பேர்பெற்றதன்றோ!

என் தந்தையாரும் அப்படகுகளில் ஒன்றில் வந்தவரே. மன்னாரிற் பின்காப்பு வீரராக விளையாடிய அவர், மூன்றாண்டுகளின் பின் புத்தளம் நகரிற் பிறந்த என் தாயாரை மணந்தார். ஆகவே இரு கழகங்கள் எனக்குப் பிறப்பினாலேயே கிடைத்தன. ஒன்று தாய்மாமன் பந்துக்காப்பாளராக விளையாடிய நகரக் கழகம். மற்றது முகாமிற் பிறந்து, வாப்பாவின் ஊர்ப்பெயரைச் சொல்லி விளையாடிய கழகம்.

ஒரு பருவகாலம்

2014இல் நான் பல்கலைக்கழக மாணவன். விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது அவ்விரு கழகங்களும் நகரில் மோதின. வாப்பா ஒரு புறத்திலும் மாமா மறுபுறத்திலும் நின்றனர். ஆட்டம் தொடங்குமுன், இடம்பெயர்ந்தோர் கழகத்தின் முன்வரிசை வீரன் ஒருவனைப் பற்றி முறைப்பாடு எழுந்தது. அவனது வாக்கு மன்னாரில் இருப்பதனால் அவன் வெளிமாவட்டத்தான் என்பதே முறைப்பாடு. அவ்விளைஞன் புத்தளம் ஆதார வைத்தியசாலையிற் பிறந்தவன். மன்னாரை அதுவரை இருமுறையே கண்டவன். அரை மணித்தியால வாதத்தின் பின், வாழுமிடமே கருதப்படும் என ஏற்பாட்டாளர் தீர்மானித்து அவனை விளையாட விட்டனர். அரசாங்கத்தின் பட்டியல்கள் இருபத்துநான்கு ஆண்டுகளாகத் தீர்க்காத வினாவை, மைதானத்து மரநிழலிற் கூடிய ஐவர் அரை மணித்தியாலத்திற் தீர்த்தனர்! ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என முடிந்தது. இரு கோல்களுக்கும் கைதட்டிய நான் இரு பக்கத்தாரின் சினத்துக்கும் ஆளானேன்.

மூன்றாவது கழகம் கற்பிட்டித் தீபகற்பத்துக் கடற்றொழிலாளருடையது. பாடசாலை நண்பன் ஒருவன் அதில் ஆடியமையால் அதன் பின்னே செல்லத் தொடங்கினேன். சோளகத்தின் உச்சத்தில் நடந்த ஓர் ஆட்டத்திற் களப்புத் தொழிலுக்குச் சென்ற இருவர் திரும்பாமையால், ஒன்பதின்மரே முற்பாதியில் விளையாடினர். காற்றை எதிர்த்து உதைத்த பந்து நடுக்கோட்டைத் தாண்டவில்லை. எனவே அவர்கள் பந்தை உயர்த்தாது நிலத்தோடு நிலமாகக் குறுகிய தூரங்களுக்கே கடத்தினர். அப்பகுதிக் கழகங்களின் ஆட்டப் பாணி இதுவென முதியோர் கூறுவர். அழகு கருதி ஏற்பட்ட பாணியன்று அது. காற்று கற்பித்த பாணியாகும்.

நான்காவது கழகத்தை நான் தேடிச் செல்லவில்லை. அவ்வாண்டு ஜூன் நடுப்பகுதியில் அளுத்கம, பேருவளைப் பகுதிகளில் முஸ்லிம்களுக்கெதிரான வன்செயல் மூண்டது. அதற்கடுத்த வாரம், சிலாபத்துக்குத் தெற்கேயுள்ள ஒரு கத்தோலிக்கக் கிராமத்தில் எமது நகரக் கழகத்துக்கு ஒரு நட்புறவு ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. சிங்களம் பேசும் ஊர். போவதா, தவிர்ப்பதா என வீட்டுக்கு வீடு விவாதம் நிகழ்ந்தது. தாய்மார் தடுத்தனர். ஈற்றிற் பதினொருவரும், என்னைப் போன்ற நால்வரும் ஒரு வானிற் சென்றோம். வழியில் எவரும் பாடவில்லை.

மைதானத்தின் ஓரத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், ஆட்டம் தொடங்கியதும் தம்மூர்ப் பையன்களைப் பெயர் சொல்லி ஏசத் தொடங்கினார். அவ்வேச்சு முழுவதும் தமிழில் இருந்தது. பையன்களோ அவருக்குச் சிங்களத்தில் மறுமொழி கூறினர். இடைவேளையில் அவரை அணுகினேன். தம் தாயார் தமிழிலேயே செபித்தார் என்றும், தாம் கடலில் தமிழும் கரையில் இரண்டும் பேசுவதாகவும், பேரப்பிள்ளைகள் சிங்களத்திற் கற்றமையாற் தமிழ் அறியார் என்றும் அவர் கூறினார். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையிலான கரையோரத்தில், இருபதாம் நூற்றாண்டில், பாடசாலை மொழியின் வழி நிகழ்ந்த மொழிமாற்றத்தைப் பற்றி நூல்களிற் படித்திருந்தேன். ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைகள் அதனைப் பக்கக்கோட்டின் இருபுறமும் நின்று எடுத்துக்காட்டியதை அன்றுதான் கண்டேன். ஆட்டத்தில் நாம் மூன்று கோல்களால் தோற்றோம். இருட்டிவிட்டதென அவ்வூரார் இரண்டு மோட்டார் சைக்கிள்களைப் பிரதான வீதி வரை எமது வானுக்கு முன்னே அனுப்பினர். எதன்பொருட்டு அனுப்பினர் என்பதை அவர்களும் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை. அன்று முதல் அக்கழகத்தின் முடிவுகளையும் நான் விசாரித்து வரலானேன்.

ஜூன் இறுதியில் றமழான் தொடங்க, மாலை ஆட்டங்கள் நின்றன. அதே வேளையிற் பிரேசிலில் உலகக் கிண்ண ஆட்டங்கள் நடைபெற்றன. ஜெர்மனி பிரேசிலை ஏழுக்கு ஒன்றென வென்ற அரையிறுதி, நமது நேரப்படி அதிகாலை ஒன்றரை மணிக்கு ஆரம்பமாயிற்று. ஸஹர் உணவுக்கு விழித்திருந்த தெரு முழுவதும் அதனைக் கண்டது. பிரேசிலின் கொடியை ஏற்றியிருந்த மாமாவும் ஆர்ஜென்டீனாவின் கொடியை ஏற்றியிருந்த வாப்பாவும் அம்மாதத்தில் ஒருவர்மேல் ஒருவர் சொரிந்த ஏளனம், முகாம் காலத்து எந்தச் சச்சரவைவிடவும் கடுமையாக இருந்தது. ஆயினும் அதில் ஊர் இல்லை, அகதி இல்லை. அதனாற்போலும் இருவரும் ஒரே தட்டில் உண்டனர்.

பெருநாளின் பின் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது வாப்பாவின் கழகத்தில் வீரர் குறைந்திருந்தனர். 2009இற் போர் முடிந்தபின் மன்னாருக்குத் திரும்பிய குடும்பங்களோடு பந்துக்காப்பாளனும் பின்காப்பு வீரர் இருவரும் சென்றுவிட்டனர். கழகத்தைக் கலைப்பதா என்ற பேச்சு எழுந்தது. இறுதியில், நகரிற் பிறந்த மூன்று இளைஞர் அவ்விடங்களில் விளையாட முன்வந்தனர். அவர்களில் ஒருவன் என் மாமாவின் மகன். “இனி வாப்பாட ஊர்ப்பேரைக் காப்பாத்துறது எங்கட புள்ளையள்தான்” என்று மாமா சிரித்துக்கொண்டு சொன்னார். வாப்பா சிரிக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தார். ஊர் மீளக் கிடைத்தபோது கழகம் கைவிட்டுப் போகலாயிற்று என்பது அவரது துயரம். அந்தத் துயரத்தை மாமா அறிந்திலர் என்றும் கூறமுடியாது.

ஒப்பீடும் முடிபும்

இடம்பெயர்ந்தோர் கழகம் என்பது நமக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்திலிருந்து கிளாஸ்கோவில் வந்து குடியேறிய வறியோரின் பொருட்டு 1887இற் செல்ரிக் கழகம் உருவாயிற்று. 1920இற் கல்கத்தாவிற் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகம், 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளின் அடையாளமாக வளர்ந்தது. மோகன் பகானோடு அது பொருதும் நாளில், வந்தவருக்கும் இருந்தவருக்கும் இடையிலான வழக்கே மைதானத்தில் வாதிக்கப்பட்டது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கிழக்கு வங்கத்தவருக்குத் திரும்பும் வழி அடைபட்டிருந்தது. அதனால் அவர்தம் கழகம் நிலைபெற்றது. நம்மவருக்கு இருபதாண்டுகள் கழித்து வழி திறந்தது. ஆயின் அரைவழியே திறந்தது. சிலர் சென்றனர், சிலர் தங்கினர், பலர் இரண்டு இடத்துமாயினர். அவ்விரண்டாங் கெட்ட நிலையின் சான்றாகவே, மன்னார் ஊர்ப்பெயர் தாங்கிய அணியிற் புத்தளத்துப் பிள்ளைகள் ஆடும் வீரர் பட்டியலை நான் கொள்கின்றேன்.

இவற்றை நோக்குமிடத்து, முதலிற் குறித்த ஏளனத்துக்கு விடை தெளிவாகின்றது. வீரன் ஒரு பருவத்தில் ஒரு கழகத்துக்கே பதிவு பெறலாம். அது லீக்கின் விதி. ரசிகனுக்கு அவ்விதி இல்லை. வந்தவரும் இருந்தவரும், தமிழும் சிங்களமும், களப்பும் கடலும் ஒன்றோடொன்று மணவினையாலும் வாணிபத்தாலும் பிணைந்துள்ள ஒரு கரையோரத்தில், ஒரே கழகத்தை ஆதரிப்பவனே தன் வரலாற்றின் ஒரு பகுதியை மறந்தவன் ஆவான். எனினும் இவ்விடை என்னை முற்றாக விடுவிக்கவில்லை என்பதையும் கூறல் வேண்டும். இரு கோல்களுக்கும் கைதட்டிய நாளில் வாப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். அனைத்தையும் இழந்து வந்தவனுக்கு ஒரு பக்கத்தான் வேண்டும். நடுவில் நிற்பது இழக்காதவனுக்கு எளிதாகக் கிட்டும் சலுகை என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகின்றது.

இறுதியாக ஒன்று. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தமது ஆங்கில அகராதியில் ஊர்களையும் அவற்றில் வாழ்ந்தோரையும் பற்றிய செய்திகளைத் தொகுத்து வைத்தார். அன்று எளியனவாகத் தோன்றிய அச்செய்திகள் இன்று நமக்கு மூலச்சான்றுகளாகும். கழகங்களின் கூட்டக் குறிப்பேடுகள், சந்தாப் பற்றுச்சீட்டுகள், அணிப் புகைப்படங்கள் ஆகியன இன்று கறையானுக்கும் உப்புக்காற்றுக்கும் இரையாகின்றன. என் தந்தையாரின் அணிப் புகைப்படம் 1990இல் மன்னார் வீட்டுச் சுவரிலேயே விடப்பட்டது. அண்மையில் ஒரு மாலை, அப்படத்தில் நின்றவர்களை இடமிருந்து வலமாகச் சொல்லுமாறு அவரைக் கேட்டேன். பதினொரு பெயர்களையும் தடையின்றிச் சொன்னார்; இன்னார் இன்று எங்குள்ளார் என்பதையும் சொன்னார். எழுவர் புத்தளத்தில், இருவர் மன்னாரில், ஒருவர் கடல் கடந்து, ஒருவர் மண்ணுக்குள். அவற்றை ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு வைத்துள்ளேன். இப்பிரதேசத்து மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் வீடு செல்லும்போது இத்தகைய ஒரு தாளையேனும் எழுதிவருவராயின், புத்தளக் கரையோரத்தின் சமூக வரலாற்றை எழுதப் புகுவோருக்கு அது பெருந்துணையாகும்.